மேக்பெர்சன், டார்ஷன் பீம், மல்ட்டி லிங்க்: பின் சீட்டில் உட்காருபவருக்கு எது நல்லது?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். தேவகோட்டையில் இருக்கும் அப்பத்தாவுக்கு இடுப்பு வலி. வீட்டில் இருக்கும் பத்து வருட ஹேட்ச்பேக்கில் பின் சீட்டு தூக்கித் தூக்கிப் போடுகிறது. வண்டியை மாற்றலாம் என்று ஷோரூம் ஏறினால் ஒருவர் மேக்பெர்சன் என்கிறார், இன்னொருவர் டார்ஷன் பீம் என்கிறார், வீடியோவில் ஒருவர் மல்ட்டி லிங்க் இல்லாத வண்டியைத் தொடவே கூடாது என்கிறார். இவையெல்லாம் என்ன, எதற்கும் எதற்கும் என்ன வித்தியாசம், நம் ஊர் ரோட்டுக்கும் அவ்வப்போது போகிற சென்னை ஓட்டத்துக்கும் எது சரி?

காரைக்குடியில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன் என்ற முறையில் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சஸ்பென்ஷன் வகையின் பெயரை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் பார்க்கிற விலையில் முன்பக்கம் எல்லா வண்டியிலும் ஏறக்குறைய ஒன்றேதான். பின்பக்கமும் பெரும்பாலும் ஒன்றேதான். ஆனாலும் ஒரு வண்டி மெத்தென்று போகிறது, இன்னொன்று இடுப்பை உடைக்கிறது. அது ஏன் என்று தெரிந்துகொண்டால் ஷோரூமில் என்ன பேசினாலும் நீங்கள் குழம்ப மாட்டீர்கள்.

சஸ்பென்ஷன் செய்யும் வேலை மூன்று. வண்டியின் எடையைத் தாங்கிக்கொண்டு, மேடு பள்ளத்தில் சக்கரம் மட்டும் ஏறி இறங்க இடம் கொடுப்பது ஸ்பிரிங்கின் வேலை. அப்படி ஏறி இறங்கிய ஸ்பிரிங் அப்புறமும் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. சக்கரம் முன்னே பின்னே அலையாமல், பக்கவாட்டில் நழுவாமல், கண்டபடி சாயாமல் பிடித்து வைப்பது ஆர்ம், லிங்க் என்று நாங்கள் சொல்லும் இரும்புக் கைகளின் வேலை. மேக்பெர்சன், டபுள் விஷ்போன், டார்ஷன் பீம், மல்ட்டி லிங்க் என்று அடுக்குகிறார்களே, அந்தப் பெயர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வேலை எப்படி நடக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன. உங்கள் அப்பத்தாவின் இடுப்புக்குத் தெரிவதோ முதல் இரண்டு வேலைகளும், அவற்றோடு ரப்பர் புஷ் (அந்தக் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர்), டயர், சீட்டு ஆகியவையும்.

ஷாக் அப்சார்பரைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். உள்ளே எண்ணெய், அதற்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சிறு துளைகள், அவற்றை மூடித் திறக்கும் மெல்லிய வட்டத் தகடுகள். சக்கரம் ஏறினாலும் இறங்கினாலும் எண்ணெய் அந்தத் துளைகள் வழியாக நெருக்கியடித்துப் போக வேண்டும். அந்த நெருக்கத்தில் அசைவு சூடாக மாறி வெளியே போய்விடுகிறது. மோசமான ரோட்டில் வேகமாக வந்து நின்ற வண்டியில் ஷாக் அப்சார்பரைத் தொட்டுப் பார்த்தால் சுடும். சாதாரணக் காரின் உடல் தன் ஸ்பிரிங்கின் மேல் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை தடவை ஆடும்படிதான் அமைப்பார்கள். அந்த ஆட்டம் நம் உடம்பை அவ்வளவாகப் பாதிக்காது. உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு ஆகவே ஆகாதது நொடிக்கு 4 முதல் 8 தடவை வருகிற மேல்கீழ் அதிர்வு. பெயர்ந்த தார் ரோட்டிலும் சரளைத் தடத்திலும் இடுப்பில் வந்து இறங்குவது அந்த மாதிரி அதிர்வுதான். அதில் எவ்வளவு சீட்டுவரை வந்து சேரும் என்பதைப் பிஸ்டனில் இருக்கும் அந்தத் தகடுகளின் கனமும், புஷ்ஷில் இருக்கும் ரப்பரின் மென்மையும் பெருமளவு தீர்மானிக்கின்றன. கம்பெனிக்காரர்கள் இதை ட்யூனிங் என்பார்கள். விளம்பரப் புத்தகத்தில் இதற்கென்று ஒரு வரிகூட இருக்காது. ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, வகைகளுக்கு வருவோம்.

பழையது கமான் பட்டை. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் நின்ற வில் வண்டிக்கு அடியில் இருந்ததும் இதுதான், இன்று லாரிக்கு அடியில் இருப்பதும் இதுதான். நீளம் குறைந்துகொண்டே வரும் வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்து, நடுவில் யூ போல்ட் போட்டு அச்சோடு இறுக்கியிருப்பார்கள். ஒரு முனை சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், நேராகப் பிடித்திருக்கும், மறுமுனை ஷேக்கிள் என்ற அசையும் இணைப்பில் தொங்கும். பாரம் ஏறிப் பட்டை நிமிரும்போது அதன் நீளம் கூடுமே, அதற்கு இடம் கொடுக்கத்தான் ஷேக்கிள். இதில் பட்டையே ஸ்பிரிங், பட்டையே அச்சைப் பிடித்து வைக்கும் கை, பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஓரளவு ஆட்டத்தை அடக்குவதும் அதுவே. மலிவு, உழைக்கும், கிராமத்து லேத் பட்டறையில்கூட ஒரு பட்டையை மாற்றிவிடலாம். பொலேரோவின் பின்பக்கமும் டாடா ஏஸும் இதில்தான் ஓடுகின்றன. குறை என்னவென்றால், பாரம் ஏற்றுவதற்காகக் கனமாகப் போட்ட பட்டை வண்டி காலியாக இருக்கும்போது வளைய மறுக்கும். அப்புறம் அந்த உரசல். சின்னச் சின்ன மேடுகளின் விசைக்கு உரசலைத் தாண்டிப் பட்டையை அசைக்க வலு போதாது, அதனால் அவை அப்படியே சீட்டுக்கு வரும்.

பட்டையோடு சேர்ந்து வருவது ஒரே அச்சு. இரண்டு சக்கரத்தையும் ஒரு கனத்த இரும்புக் குழாய் இணைத்திருக்கும். இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலது சக்கரமும் சாயும், வண்டியே பக்கவாட்டில் ஒரு தலையாட்டு ஆட்டும். இதோடு எடையும் ஒரு பிரச்சினை. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடக் கூட, மேட்டில் ஏறிய சக்கரத்தை அடக்கி மறுபடி ரோட்டில் அமர்த்துவது கஷ்டம். இந்த இரண்டு தொல்லையிலிருந்தும் தப்பிக்கத்தான் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக ஏறி இறங்க விடும் இண்டிபெண்டென்ட் வகைகள் வந்தன.

இங்கே அம்பாசிடரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் எங்களிடம் வரும் பெரியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி, "என்ன கார் வந்தாலும் அம்பாசிடர் மாதிரி வராது" என்பார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1957-ல் வந்து 2014 வரை ஓடிய அந்த வண்டியின் பின்பக்கம் வெறும் கமான் பட்டை, ஒரே அச்சு. முன்பக்கம் நெடுங்காலம் டார்ஷன் பார், அதாவது சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நீளவாக்கில் போட்ட ஒரு எஃகுக் கம்பி, சக்கரம் ஏறும்போது முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். இன்றைய கணக்கில் பார்த்தால் இரண்டுமே பழம்பொருள். பிறகு எப்படி அவ்வளவு சுகம்? பட்டையை மென்மையாக வைத்திருந்தார்கள். சக்கரம் ஏறி இறங்க நிறைய இடம் விட்டிருந்தார்கள். டயரின் பக்கச் சுவர் உயரமாக இருந்தது. சீட்டு சோபாவைப் போல உயரமாகவும் ஸ்பிரிங் வைத்தும் இருந்தது, ஏறி உட்கார முழங்கால் மடங்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேல், அந்த வண்டியை யாரும் மணிக்கு நூறு கிலோமீட்டரில் வளைவில் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் அது சாய்ந்த சாய்வில் அப்பத்தா கதவோரம் போயிருப்பார். மென்மைக்கு அது கொடுத்த விலை அந்தச் சாய்வும், விடாமல் கிரீஸ் அடிக்க வேண்டிய வேலையும். பிரான்சில் சிட்ரோயன் கம்பெனி 1948-ல் காட்டிய 2சிவி என்ற விவசாயிகளுக்கான குட்டிக் காருக்கும் இதே வழிதான். உழுத வயலில் முட்டைக் கூடையோடு போனாலும் முட்டை உடையக் கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட நிபந்தனை. மலிவான வண்டியால் அதைச் செய்ய முடிந்தது. ஆக, வகை பழையதா புதியதா என்பதும் சுகமும் வேறு வேறு.

இண்டிபெண்டென்ட் வகையில் டபுள் விஷ்போன் என்பது சக்கரத்தை மேலே ஒரு கையும் கீழே ஒரு கையுமாகப் பிடிப்பது. மேல் கை கொஞ்சம் குட்டையாக இருக்கும். அதனால் வளைவில் வண்டி சாயும்போது சக்கரம் கூடவே சாய்ந்துவிடாமல் ரோட்டில் தட்டையாக உட்காரும். ஓட்டுகிறவருக்கு ஸ்டியரிங் துல்லியமாக இருக்கும், சக்கரத்துக்கு வரும் பக்கவாட்டு விசையை ஷாக் அப்சார்பர் தாங்க வேண்டியதில்லை. ஆனால் பக்கவாட்டில் இடம் நிறைய எடுக்கும், பாகமும் அதிகம். எஞ்சினை நீளவாக்கில் வைத்து, தனிச் சேஸிஸ் மேல் உடலை ஏற்றிய பெரிய வண்டிகளுக்கு இது பொருந்தும். இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஸ்கார்ப்பியோ என், மஹிந்திராவின் புதிய தார் எல்லாவற்றிலும் முன்பக்கம் இதுதான்.

நீங்கள் பார்க்கும் சின்னக் கார்களில் முன்பக்கம் எஞ்சின் குறுக்குவாட்டில் கிடக்கும். இரண்டு கைகளுக்கு அங்கே இடம் கிடையாது. அதற்கு வழி கண்டவர் ஏர்ல் மேக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். மேல் கையை எடுத்துவிட்டு, சுருள் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாக்கி, அந்தத் தூணையே மேல் கையின் வேலைக்கும் வைத்துக்கொண்டார். கீழே ஒரு லோயர் ஆர்ம் போதும். 1950-ல் இங்கிலாந்தில் ஃபோர்டு கான்சல், செஃபைர் கார்களில் வந்து, பின்னாளில் சின்னக் கார்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. பாகம் குறைவு, செலவு குறைவு, இடம் மிச்சம். பதிலுக்கு அந்தத் தூண் பக்கவாட்டு விசையையும் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உள்ளே ராட் ஒரு பக்கமாக அழுந்தி உரசும், சின்ன மேட்டில் கொஞ்சம் தயங்கும். தூணின் தலை நேராகக் காரின் உடலில் ரப்பர் மவுண்ட் வைத்து உட்கார்ந்திருப்பதால் அந்த ரப்பர் கெட்டால் சத்தம் உள்ளே வரும். நல்ல ட்யூனிங் இருந்தால் இந்தக் குறை எதுவும் பயணிக்குத் தெரியாது. கோடிக்கணக்கில் விலை போகும் சில ஸ்போர்ட்ஸ் கார்களின் முன்பக்கத்தில்கூட இதுவே இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு, பின்பக்கத்துக்கு வருகிறேன். ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, நெக்ஸான், கிரெட்டா, ஹோண்டா சிட்டி என்று நீங்கள் எழுதிய பட்டியல் முழுக்கப் பின்பக்கம் டார்ஷன் பீம்தான். ட்விஸ்ட் பீம் என்றும் சொல்வார்கள். 1974-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் இதைப் பரவலாக்கியது. அமைப்பு எளிமையானது. இரண்டு பக்கமும் முன்னிருந்து பின்னாக ஓடும் இரண்டு கைகள், அவற்றை இணைக்கும் ஒரு குறுக்குத் தகடு. கைகளின் முன் முனை ரப்பர் புஷ் வைத்து உடலில் பிடித்திருக்கும், பின் முனையில் சக்கரம். சூட்சுமம் அந்தக் குறுக்குத் தகட்டில் இருக்கிறது. அது மூடிய குழாய் இல்லை, ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் வடிவம். வாழை இலையின் அடித்தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். குறுக்கே வளைத்தால் எதிர்க்கும், இரண்டு முனையையும் பிடித்து முறுக்கினால் சுலபமாக முறுகும். குறுக்குத் தகடும் அப்படித்தான். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது தகடு முறுகிக்கொடுக்கும், மற்றச் சக்கரத்துக்குக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். அதனால் இதைச் செமி இண்டிபெண்டென்ட் என்பார்கள். முறுகும்போது அது எதிர்ப்பதால் வளைவில் வண்டி சாய்வதையும் தானே குறைத்துவிடுகிறது.

இதை மட்டமான அமைப்பு என்று வீடியோக்களில் பேசுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தேய்கிற பாகம் என்று பார்த்தால் இரண்டு பெரிய புஷ்களும் இரண்டு ஷாக் அப்சார்பர்களும்தான். டிக்கி தரை தாழ்வாக வரும், பெட்ரோல் டேங்குக்கு இடம் கிடைக்கும். வருஷக்கணக்கில் சரளைத் தடத்தில் ஓடிய வண்டிகளில்கூட பின் பீமில் பழுது என்று எங்களிடம் வருவது அபூர்வம். உண்மையான குறை ஒன்று இருக்கிறது, அது அந்த முன் புஷ்ஷில் இருக்கிறது. மேட்டின் விளிம்பில் மோதும்போது சக்கரம் ஒரு மயிரிழை பின்னால் நகர்ந்தால் அடி மென்மையாகும். அதற்குப் புஷ் மிருதுவாக இருக்க வேண்டும். வளைவில் பின்பக்கம் நெளியாமல் இருக்க அதே புஷ் விறைப்பாக இருக்க வேண்டும். ஒரே ரப்பர் இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்கிறது. விறைப்பின் பக்கம் சாய்ந்த கம்பெனியின் வண்டியில் பின் சீட்டுக்கு அடி தெரியும், மிருதுவின் பக்கம் சாய்ந்ததில் தெரியாது. உங்கள் பட்டியலில் இருக்கும் வண்டிகளுக்குள் இருக்கும் வேறுபாட்டில் பெரும்பங்கு இதிலும், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ட்யூனிங்கிலும்தான்.

அந்த இரண்டு எஜமானர் சிக்கலைப் பிரித்துவிடுவதுதான் மல்ட்டி லிங்க்கின் சிறப்பு. ஒவ்வொரு சக்கரத்தையும் நான்கைந்து தனித்தனிக் கைகள் பிடிக்கின்றன. ஒரு கை முன்பின் அசைவுக்கு மட்டும், ஒரு கை பக்கவாட்டுக்கு மட்டும். முன்பின் கையின் ரப்பரை நன்றாக மிருதுவாக்கலாம், பக்கவாட்டுக் கையை விறைப்பாகவே வைத்துக்கொள்ளலாம். 1982-ல் மெர்சிடிஸ் பென்ஸ் 190 காரின் பின்பக்கத்தில் ஐந்து கைகளோடு வந்தது இதற்குப் பெயர்பெற்ற தொடக்கம். நம் ஊரில் மஹிந்திரா எக்ஸ்யூவி700-ன் பின்பக்கம் இந்த வகை. நன்றாகச் செய்தால் இதற்கு ஈடில்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் கைகள் எத்தனையோ அதைப் போல இரண்டு மடங்கு மூட்டுகள். ஏழெட்டு வருஷத்தில் அவை தேய்ந்து ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கும். பின் சக்கரத்துக்கும் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். நீண்ட காலம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

மல்ட்டி லிங்க் என்ற பெயரில் ஒரு குழப்பமும் உண்டு. மஹிந்திரா தாரின் பின்பக்கத்தையும் மல்ட்டி லிங்க் என்றே எழுதுகிறார்கள், ஆனால் அங்கே இருப்பது ஒரே அச்சு. அந்த அச்சைப் பட்டைக்குப் பதிலாகச் சில லிங்க்குகள் பிடிக்கின்றன, சுருள் ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது, அவ்வளவுதான். கிரிஸ்டாவிலும் ஃபார்ச்சூனரிலும் நான்கு லிங்க்கும் பக்கவாட்டுக்கு ஒரு ராடும். ஸ்கார்ப்பியோ என்-னில் ஐந்து லிங்க்குகளோடு வாட்ஸ் லிங்க்கேஜ் என்ற அமைப்பு, அச்சு ஏறி இறங்கும்போது பக்கவாட்டில் நகராமல் பார்த்துக்கொள்ளும். கமான் பட்டையைவிட இவை எவ்வளவோ மேல், ஆனாலும் கனத்த அச்சு கனத்த அச்சுதான். ஷோரூமில் மல்ட்டி லிங்க் என்று சொன்னால், "இண்டிபெண்டென்ட்டா, ஒரே அச்சா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

இன்னோவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரிஸ்டாவில் முன்பக்கம் டபுள் விஷ்போன், பின்பக்கம் நான்கு லிங்க். அதற்கு அடுத்து வந்த ஹைகிராஸில் முன்பக்கம் மேக்பெர்சன், பின்பக்கம் டார்ஷன் பீம். பெயரை மட்டும் பார்த்தால் படி இறங்கியது போலத் தெரியும். ஆனால் தனிச் சேஸிஸ் போய், பின் அச்சின் கனம் போய், எஞ்சின் விசையைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிஃபரன்ஷியல் போய், ஹைகிராஸின் பின்பக்கம் லேசாகிவிட்டது. இரண்டிலும் வயதானவர்களை உட்கார வைத்து ஓட்டியவன் நான். நகருக்குள் மெதுவாகப் போகும்போது வரும் சின்ன அதிர்வு ஹைகிராஸில் குறைவு. ஆள் நிறைந்து, டிக்கி நிறைந்து, மோசமான ரோட்டில் அடித்துக்கொண்டு போக வேண்டுமென்றால் கிரிஸ்டாவின் திடம் தனி.

ஏர் சஸ்பென்ஷன் உங்களுக்குத் தேவைப்படாது, சுருக்கமாகச் சொல்கிறேன். காரைக்குடியிலிருந்து இரவு சென்னைக்குப் போகும் ஏர் பஸ்ஸில் படுத்திருக்கிறீர்கள் அல்லவா, அதில் எஃகு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரம்பிய ரப்பர்ப் பைகள். ஆள் ஏறினாலும் இறங்கினாலும் காற்றைக் கூட்டிக் குறைத்து உயரத்தை ஒரே மட்டத்தில் வைக்கலாம், அதனால் பாரத்துக்காக ஸ்பிரிங்கை விறைப்பாக்க வேண்டியதில்லை. கார்களில் இது மேல்தட்டு விலையில்தான். பை கசிந்தால் அல்லது கம்ப்ரஸர் போனால் செலவு கடுமை. சிட்ரோயன் 1955-ல் டிஎஸ் காரில் கொண்டுவந்த எண்ணெயும் வாயுவும் சேர்ந்து வேலை செய்யும் சஸ்பென்ஷன் இன்னொரு தனி அற்புதம், இன்று அவர்களின் புது வண்டிகளில் அது கிடைப்பதில்லை. எலெக்ட்ரிக் கார் பார்க்கிறீர்கள் என்றால் ஒன்று மட்டும்: பேட்டரியின் எடையைத் தாங்க ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், அதனால் அதே மாடலின் பெட்ரோல் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு எலெக்ட்ரிக்கை வாங்காதீர்கள்.

வகைகள் போதும். பின் சீட்டின் சுகத்தை நிஜமாக மாற்றுகிற வேறு சில விஷயங்கள் இருக்கின்றன, இவற்றைப் பற்றி ஷோரூமில் யாரும் பேச மாட்டார்கள்.

முதலாவது டயர். ரோட்டைத் தொடும் முதல் ஸ்பிரிங் அதுதான். ஒரே மாடலில் கீழ் வேரியன்ட்டுக்கு 185/65 ஆர்15 டயரும் மேல் வேரியன்ட்டுக்கு 195/55 ஆர்16 டயரும் வருவது வழக்கம். முதலாவதில் பக்கச் சுவர் உயரம் ஏறக்குறைய 120 மி.மீ., இரண்டாவதில் 107 மி.மீ. அந்த 13 மி.மீ. ரப்பரும் காற்றும் போய் அந்த இடத்தில் அலாய் சக்கரத்தின் உலோகம் வந்துவிடுகிறது. அப்பத்தாவுக்காக வாங்குகிறீர்கள் என்றால் சின்னச் சக்கரம் வரும் வேரியன்ட்டை எடுங்கள். காற்றழுத்தமும் முக்கியம். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும் அளவுதான் உங்கள் வண்டிக்கு உரியது, பஞ்சர் கடையில் எல்லா வண்டிக்கும் அடிக்கிற ஒரே அளவு அல்ல.

இரண்டாவது, உட்காரும் இடம். அச்சுக்கு மேலே உட்காருகிறவருக்கு அடி முழுதாக வரும், இரண்டு அச்சுக்கும் நடுவில் உட்காருகிறவருக்குக் குறையும். ஸ்விஃப்ட்டின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம், 2450 மி.மீ., பின் சீட்டு பின் சக்கரத்துக்கு மிக நெருக்கம். கிரிஸ்டாவுக்கு 2750, ஹைகிராஸுக்கு 2850, அவற்றின் நடு வரிசை வண்டியின் நடுவில் விழுகிறது. மூன்றாம் வரிசையில் வயதானவர்களை எந்த வண்டியிலும் ஏற்றாதீர்கள். சின்னக் கார்தான் என்றால் அப்பத்தாவை முன் சீட்டில் உட்கார வைப்பதே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

மூன்றாவது வேகத்தடை. சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு சொல்லும் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமுமாக, மணிக்கு 25 கிலோமீட்டரில் சுலபமாகக் கடக்கும்படி இருக்க வேண்டும். ஊருக்குள் போட்டிருப்பவை பலவும் இதில் நாலில் ஒரு பங்கு அகலம்கூட இல்லாமல் செங்குத்தாக நிற்கின்றன. ஷாக் அப்சார்பர் எதிர்க்கும் விசை பிஸ்டன் நகரும் வேகத்தைப் பொறுத்தது. செங்குத்தான மேட்டில் வேகமாக ஏறினால் எண்ணெய்க்குத் துளை வழியே போக நேரமில்லாமல் அது கிட்டத்தட்டக் கட்டையாகிவிடுகிறது. அதே மேட்டை ஊர்ந்து கடந்தால் எண்ணெய் நிதானமாகப் போகும். இன்னொன்று, பிரேக்கை மேட்டுக்கு முன்பே பிடித்து முடித்துவிட்டு, மேட்டில் காலை எடுத்துவிடுங்கள். பிரேக் அழுந்தியிருக்கும்போது முன் ஸ்பிரிங் ஏற்கனவே பாதி அமுங்கியிருக்கும், மேட்டை வாங்க மிச்ச இடம் இருக்காது.

இனி உங்கள் பழைய வண்டி. பத்து வருடம் என்கிறீர்கள், ஷாக் அப்சார்பர் மாற்றியதாக எழுதவில்லை. என் கணிப்பில், நீங்கள் அனுபவிப்பது டார்ஷன் பீமின் குறை இல்லை, செத்துப்போன ஷாக் அப்சார்பரின் குறை. ஒருநாள் வண்டியை ராம்ப்பில் ஏற்றி நீங்களே கீழே நின்று பாருங்கள். நம் ஊர்ச் செம்மண் தூசி இதற்கு ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. காய்ந்த ஷாக் அப்சார்பரில் தூசி பொடியாகப் படிந்திருக்கும், விரலால் தட்டினால் உதிரும். சீல் போய் எண்ணெய் கசிந்ததில் அதே தூசி ஈரமாகக் கறுத்து, ராட் வெளியே வரும் இடத்திலிருந்து கீழே ஒரு பட்டையாக இறங்கியிருக்கும். அது தெரிந்தால் அந்த ஜோடியையே மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. கசிவே இல்லாமல் உள்ளே வால்வு தேய்ந்தும் போயிருக்கலாம். காலியாக இருக்கும்போது நன்றாகப் போய், பின்னால் மூன்று பேர் உட்கார்ந்ததும் வேகத்தடைக்கு அப்புறம் இரண்டு மூன்று தடவை மிதந்தால் அதுதான்.

சத்தத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பெயர்ந்த ரோட்டில் மெதுவாகப் போகும்போது முன்னால் "டக் டக்" என்று கேட்டால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க் ராடை, அதாவது வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் முனையில் இருக்கும் சின்ன இணைப்பை, பார்க்கச் சொல்லுங்கள். சென்ற வருடம் ஒரு குடும்பம் இந்தச் சத்தத்தோடு வந்தது. வேறொரு இடத்தில் இரண்டு ஸ்ட்ரட்டையும் (மேக்பெர்சனில் சொன்னேனே, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த அந்தத் தூண்) மாற்றச் சொல்லி எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள். வண்டியைத் தூக்கி லிங்க் ராடைக் கையால் ஆட்டினேன், பந்து கிண்ணத்துக்குள் கலகலவென்று ஆடியது. இரண்டு பக்கமும் அந்தச் சின்ன ராடை மாற்றியதோடு முடிந்தது. பிரேக் பிடிக்கும்போது ஒரு "தொம்" கேட்டால் லோயர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முறுக்குச் சத்தம் வந்தால் ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் மவுண்ட். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. டயரில் கோடுகள் தேயாமல் இருந்தாலும் வயதான ரப்பர் இறுகியிருக்கும், அந்த இறுக்கமும் இடுப்புக்குத்தான் போகும்.

இதையெல்லாம் சரிசெய்துவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதற்கு அப்புறமும் புது வண்டி வேண்டும் என்றால், டெஸ்ட் டிரைவை நீங்கள் ஓட்டாதீர்கள். யாரையாவது ஓட்டச் சொல்லி, வீட்டு ஆட்கள் மூவராகப் பின்னால் உட்காருங்கள். ஷோரூம்காரர்கள் நல்ல பைபாஸில் கூட்டிப்போவார்கள். வேண்டாம் என்று சொல்லி, ஊருக்குள் ஒரு செங்குத்து வேகத்தடை, ஒரு கண்மாய்க் கரைத் தடம், அப்புறம் மணிக்கு 80 கிலோமீட்டர் போகக்கூடிய ஒரு நேர் ரோடு, மூன்றையும் கேட்டு வாங்குங்கள். முதலாவதில் கீழே இடிக்கிறதா, இரண்டாவதில் இடுப்பில் படபடவென்று அதிர்வு நிற்கிறதா, மூன்றாவதில் மிதக்கிறதா என்று மட்டும் கவனித்தால் போதும். நகருக்குள் மிகவும் மென்மையாகத் தோன்றிய வண்டி நெடுஞ்சாலையில் அலைபோல ஆடினால், சென்னைவரை நானூறு கிலோமீட்டருக்கு மேல் அப்பத்தாவுக்குத் தலைசுற்றும்.

முடிந்தால் அப்பத்தாவையே ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். வருஷத்தில் ஒருநாள் நகரத்தாரின் ஒன்பது கோயிலுக்கும் போவோம் என்று எழுதியிருந்தீர்கள். இளையாத்தங்குடியில் தொடங்கி வேலங்குடி, சூரக்குடி என்று சுற்றினால் ஒரே நாளில் அவர் ஒன்பது தடவை இறங்கி ஏற வேண்டும். தாழ்ந்த சீட்டிலிருந்து எழுந்திருப்பது இடுப்பு வலிக்காரர்களுக்கு ஓடும்போது வரும் குலுக்கலைவிடப் பெரிய பாடு. சீட்டின் விளிம்பு அவர் நிற்கும்போது தொடையின் மேல்பாதி உயரத்துக்கு வருகிற வண்டியாகப் பாருங்கள். செடானில் அது கிடைக்காது, உயரமான ஹேட்ச்பேக்கிலோ சின்ன எஸ்யூவியிலோ கிடைக்கும்.

பழைய வண்டியின் மாடலையும் கிலோமீட்டரையும் எழுதுங்கள், எந்தெந்தப் பாகம் இப்போதே மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்கிறேன்.